நடுவீட்டு நாய்

இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் மிகச் சிறியது, எடையற்றது, ஊதினால் பறப்பது. வீட்டில் வளரும் நாயும் பூனையும் நாள்தோறும் உதிர்க்கின்ற உரோமத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மயிர் என்பதே இதற்குரிய பழந்தமிழ்ச் சொல். வள்ளுவர் கூசாமல் எடுத்தாண்ட சொல் அது. இக்காலத்தில் அதனை அவையிலே சொன்னால் வசையென்று கொள்வார்கள். ஆகையால் உரோமம் என்றே சொல்லுகிறேன்.

மானம் என்னும் அதிகாரத்தில் கவரிமாவை உவமை காட்டுகிறார் வள்ளுவர். உடலில் உள்ள மயிரை இழக்க நேர்ந்தால் அந்த விலங்கு உயிர் தரியாதாம். எங்கள் வீட்டு நாய்க்கு அத்தகைய மான உணர்ச்சி அணுவளவும் கிடையாது. நாள்தோறும் கைப்பிடியளவு இழந்துவிட்டு, வயிறார உண்டு, கவலையின்றி உறங்குகிறது. இழந்ததைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதனைப் பெருக்கி அள்ளுகிற நாங்கள்தாம்.

நான் தூத்துக்குடியில் பல ஆண்டுகள் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி, மகன், மருமகள், எட்டு வயதுப் பேத்தி ஆகியோருடன் வாழ்கிறேன். இவர்களோடு ஒரு நாயும் ஒரு பூனையும் உண்டு. நாய், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த கன்னி இனத்தது. கறுத்த மெல்லிய உடல். காலிலும் முகத்திலும் பழுப்பு நிறம். பூனை ஒருவரும் கொண்டுவந்ததன்று; அதுவாக வந்தது. வெள்ளை வெளேரென்று இருக்கும். பாற்கடலை நக்கிக் குடித்துவிட நினைத்த பூனையைக் கம்பர் தம் அவையடக்கத்தில் பூசை என்னும் பழஞ்சொல்லால் குறித்தார் அல்லவா? நானும் தமிழாசை காரணமாக அப்பெயரையே எங்கள் பூனைக்கு வைத்தேன். அதன் பயனாக, "மாமா, பூசை அறையில் பூசை படுத்திருக்கிறது!" என்று மருமகள் அடிக்கடி அழைத்துச் சொல்லும் வாய்ப்பு ஏற்பட்டது.

வெண்ணிறத் தரையிலே நாயின் கருமை தெரியும். கருநிறக் காற்சட்டையிலே பூனையின் வெண்மை தெரியும். ஆக, எந்த நிறத்தைத் தேர்ந்தாலும் எங்களுக்கு விடுதலை இல்லை. வேட்டி மடிப்பில், தலையணை உறையில், மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியில், பேத்தியின் எழுத்துப் பயிற்சி ஏட்டில் என்று எங்கும் ஓர் இழை இருக்கும். மின்விசிறியைச் சுழலவிட்டால் அவை மூலைக்கு ஓடிக் கட்டிலுக்கு அடியில் பஞ்சுருண்டைபோல் திரண்டுகொள்ளும். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துவிட்டால் துணியைவிட்டு எளிதில் பிரியமாட்டா.

உரோமம் ஏன் உதிர்கிறது என்பதை முதலில் ஆசிரியன் முறைப்படி சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் உரோமத்திற்கும் வளர்ச்சிப் பருவம் உண்டு. வளர்ச்சி நின்று ஓய்ந்திருக்கும் பருவம் உண்டு. இறுதியில் விழும் பருவம் உண்டு. விழுந்த இடத்தில் புதியது முளைக்கும். மனிதராகிய நமக்கும் நாள்தோறும் ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயல்பே. நம்முடையதை நாமே பொறுத்துக்கொள்கிறோம். நாயினுடையதைத்தான் எண்ணிக் குறை கூறுகிறோம்.

குளிர்நாட்டு விலங்குகளுக்கு இரண்டு அடுக்கு உரோமம் உண்டு. மேலே நீண்ட முரட்டு உரோமம். அடியில் பஞ்சு போன்ற மென்மயிர். குளிர்காலம் முடிந்து பகல் நீளத் தொடங்கியதும் அந்த அடிப்பஞ்சைக் கொத்துக் கொத்தாகக் கழித்துவிடும். பகற்பொழுதின் நீளத்தைக் கண் உணர்ந்து மூளைக்கு அறிவிக்க, உடலிலுள்ள சுரப்பிகள் அதற்கேற்ப வேலை செய்கின்றன. இலண்டன் நகரத்தில் கோடையின் மிக நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்திற்கு மேல் வேற்றுமை உண்டு. தூத்துக்குடியிலோ அந்த வேற்றுமை ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான். இதனால் இங்கே வாழும் விலங்குக்குப் பருவத்தின் கட்டளை வலுவாகக் கேட்பதில்லை. வீட்டுக்குள் இரவு பத்து மணி வரை எரியும் மின்விளக்கும் அதன் கணக்கைக் குழப்புகிறது. ஆகவே ஒரு பருவத்தில் மொத்தமாகக் கழிப்பதை விட்டு, ஆண்டு முழுவதும் தவணை முறையில் கழிக்கிறது. வட்டிக்காரனுக்குத் தவணை கட்டுபவர்கள் இதனை நன்கு உணர்வார்கள்.

இனி, நான் உங்களைக் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. நம் பாட்டனார் காலத்து நாய்க்கும் உரோமம் உதிர்ந்திருக்க வேண்டுமே? அக்காலத்துப் பூனை மட்டும் உதிர்க்காமல் இருந்திருக்குமா? அவர்கள் இதைப் பற்றிப் பேசியதாகவே நமக்கு நினைவில்லையே, ஏன்?

விடை நம் பழமொழியிலேயே இருக்கிறது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு வெளியே ஓடிவிடும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். இயல்பை மாற்ற முடியாது என்பதற்கு இதனைச் சொல்லுவது வழக்கம். நான் இங்கே அதன் கருத்தை விட்டு, அதிலுள்ள செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாயை நடுவீட்டில் வைப்பது என்பது அக்காலத்தில் நடக்காத காரியத்திற்கு எடுத்துக்காட்டாக இருந்தது. நாயின் இடம் வாசல். திண்ணைக்குக் கீழே, வேப்பமர நிழலிலே, வைக்கோற் படைப்பின் ஓரத்திலே அது படுத்திருக்கும். அதன் உரோமத்தைக் காற்று கொண்டுபோகும். மீதத்தை விடியற்காலையில் ஈர்க்கு வாரியல் கொண்டுபோகும். வீட்டுக்குள் சாணம் மெழுகிய மண்தரை. பின்னர்க் காவி கலந்த சிமெண்டுத் தரை வந்தது. அந்தத் தரைகளில் ஓர் இழை கிடந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

பூனைக்கும் அவ்வாறே ஒரு தொழிலும் ஓர் இடமும் இருந்தன. 1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படுவதற்கு முன், ஆழம் போதாமையால் பெருங்கப்பல்கள் கரையை அணுகமாட்டா. அவை தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளும் தோணிகளும் சரக்கைக் கரைசேர்க்கும். அவ்வாறு வந்த தானியமும் பருத்தியும் கடற்கரையோரத்துப் பண்டகசாலைகளில் அடுக்கப்பட்டிருக்கும். மூட்டை இருக்குமிடத்தில் எலி இருக்கும். எலி இருக்குமிடத்தில் பூனைக்கு மரியாதை இருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது, கணக்குப்பிள்ளையின் மேசைக்கடியில் உறங்கும் பூனையை எழுப்ப ஒருவரும் துணியமாட்டார்கள்.

இது நம் துறைமுகத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. கப்பல்களிலும் பூனைக்கு இடம் இருந்தது. 1949-இல் யாங்சி ஆற்றிலே சிக்கிக்கொண்ட அமெதிஸ்ட் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் சைமன் என்றொரு பூனை இருந்தது. குண்டடிபட்ட பின்பும் அது எலிகளை வேட்டையாடி உணவுப் பொருளைக் காத்தமைக்காக, போரில் துணைபுரியும் விலங்குகளுக்கு அளிக்கப்படும் டிக்கின் பதக்கம் அதற்கு வழங்கப்பட்டது. அப்பதக்கத்தைப் பெற்ற பூனை அது ஒன்றே. அத்தகைய பெருமையை அளித்த நாட்டுக் கடற்படையே, 1975-இல் சுகாதாரம் கருதித் தன் கப்பல்களில் பூனை முதலிய வளர்ப்பு விலங்குகள் கூடா என்று தடுத்துவிட்டது.

பாருங்கள், கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் நடந்தது இதுதான். நாய்க்குக் காவல் தொழில் குறைந்தது. அந்த வேலையை மதிலும் பூட்டும் படம்பிடிக்கும் கருவியும் எடுத்துக்கொண்டன. பூனைக்கு எலி பிடிக்கும் தொழில் குறைந்தது. தொழிலை இழந்த இவ்விரண்டும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. வாசலிலிருந்து எழுந்து, திண்ணையைக் கடந்து, நடுவீட்டுக்கு வந்து, இப்போது கட்டிலின் மேலேயே ஏறிக்கொண்டன. காரணம் என்ன? நம் வீடுகளில் ஆள் குறைந்தது. மூன்று தலைமுறை ஒன்றாக வாழ்ந்த வீட்டில் இன்று முதியவர் இருவர் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருக்கிறார்கள். அந்த வெற்றிடத்தில் நாய் வந்து படுத்துக்கொண்டது. அது செய்யும் வேலை நம் பக்கத்தில் இருப்பது ஒன்றே. அந்த வேலையை அது குறைவறச் செய்கிறது.

அதே காலத்தில்தான் நம் வீடும் மாறியது. திண்ணை போயிற்று. முற்றம் மூடப்பட்டது. கண்ணாடிபோல் பளபளக்கும் வெள்ளை ஓடுகள் தரைக்கு வந்தன. குளிர்சாதனத்திற்காகச் சன்னல்களை அடைத்தோம். அடைத்த வீட்டுக்குள்ளே, வெள்ளைத் தரையின் மேலே, உரோமமுள்ள விலங்கைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "ஐயோ, எவ்வளவு உதிர்கிறது!" என்று வியக்கிறோம். முன்னைவிட மிகுதியாக உதிர்வதாகத் தோன்றுவதற்குப் பெரிதும் காரணம், நாம் தரையை மாற்றியதும், சன்னலைச் சாத்தியதும், விலங்கின் இடத்தை மாற்றியதுமே ஆகும்.

நம் பொறுமையும் மாறியதென்றே சொல்ல வேண்டும். இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களை எண்ணிப் பாருங்கள். அரசின் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கடலிலிருந்து எடுத்த சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, பிறகு அலசித்தான் அக்காலத்தில் முத்தைப் பிரித்தெடுத்தார்கள். அந்த நாற்றம் எத்தகையதாக இருந்திருக்கும்! ஈக்கள் எத்தனை மொய்த்திருக்கும்! முத்து வேண்டுமென்றால் அதுவும் உடன் வரும் என்பதை இவ்வூர் அறிந்திருந்தது. கருவாட்டு வாடையோடும் உப்பளக் காற்றோடும் வாழ்ந்து பழகியவர்கள் நாம். அத்தகைய ஊரிலே இன்று சட்டையில் ஓர் இழை ஒட்டியிருந்தால் முகம் சுளிக்கிறோம்.

எனினும், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று உபதேசம் செய்வதோடு நான் நிறுத்திக்கொள்ள முடியாது. பொறுமையால் மட்டும் தீராத கேள்வி ஒன்று சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கே வந்தது.

ஐப்பசி மழை தொடங்கிச் சன்னல்களைச் சாத்தி வைத்திருந்த நாட்களில் என் பேத்திக்கு இருமலும் மூச்சிரைப்பும் உண்டாயின. இரவில் உட்கார்ந்தபடியே உறங்கினாள். மருத்துவர் பார்த்து, தோலில் சோதனை செய்து, பூனையால் ஒவ்வாமை இருக்கிறது என்றார். அன்று மாலை மருமகள் என்னிடம் வந்து நின்று, "மாமா, பிள்ளை பெரிதா, பூனை பெரிதா?" என்று கேட்டாள். அதில் சினம் இல்லை; அச்சம் இருந்தது. "பிள்ளைதான் பெரிது, அம்மா. அதில் இரண்டாம் கருத்தே கிடையாது" என்றேன். கதவோரத்தில் நின்றுகொண்டிருந்த பேத்தி, "பூசையை அனுப்பிவிட்டால் அது எங்கே போகும், தாத்தா?" என்றாள். இருவர் கேட்டதும் நியாயமான கேள்விகளே. இரண்டுக்கும் விடை தேட வேண்டியிருந்தது.

மறுநாள் நானே மருத்துவரிடம் சென்று விவரம் கேட்டேன். அவர் சொன்னதைப் பலரும் அறிந்துகொள்வது நல்லது. ஒவ்வாமையை உண்டாக்குவது பூனையின் உரோமம் அன்று. பூனையின் எச்சிலிலும் தோற்சுரப்பிகளிலும் உள்ள ஒரு புரதமே அதற்குக் காரணம். முட்கள் நிறைந்த தன் நாவினால் பூனை உடம்பை ஓயாமல் நக்குகிறது. எச்சில் உலர்ந்து நுண்ணிய பொடியாகி, தோலின் செதிள்களோடு கலந்து காற்றில் மிதக்கிறது. உரோமம் அதனைச் சுமந்து செல்லும் வண்டி மட்டுமே. ஆகவே நீண்ட உரோமம் உள்ள பூனை தீயது, குறுகிய உரோமம் உள்ள பூனை நல்லது என்பதற்கில்லை. இன்னொன்றும் சொன்னார். பூனையை இன்றே வெளியேற்றினாலும் அந்தப் பொடி மெத்தையிலும் திரையிலும் பல மாதங்கள் தங்கியிருக்கும். கடுமையான நோயாயின் விலங்குக்கு வேறு நல்ல இடம் பார்ப்பதே முறை. மிதமான நிலையாயின் சில மாற்றங்கள் செய்து பார்க்கலாம். மருந்தை விடாமல் கொடுக்க வேண்டும். மூன்று மாதங்கழித்து மீண்டும் சோதித்து முடிவு செய்யலாம் என்றார்.

அதன்படியே செய்தோம். படுக்கையறைக்குள் பூனைக்கு இடமில்லை என்று விதித்தோம். கனமான திரைகளையும் கம்பளத்தையும் எடுத்துவிட்டு, துவைக்கக்கூடிய பருத்தித் துணி போட்டோம். படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் நனைத்துத் துவைத்தோம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் பொடி மேலெழும்பும் என்பதால் ஈரத் துணியால் துடைத்தோம். பகலில் மழை ஓய்ந்த நேரமெல்லாம் சன்னலைத் திறந்தோம். பின்தாழ்வாரத்தில் பூனைக்கு ஒரு பெட்டி வைத்துப் பழந்துணி விரித்தோம். அது மூன்று நாள் எங்களோடு பேசவில்லை. நான்காம் நாள் மீன் வாடையைக் கண்டு சமாதானமாயிற்று. இத்தனையும் பயனளிக்காவிட்டால் ஒட்டப்பிடாரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அதனை அனுப்புவதென்று முன்னதாகவே பேசி வைத்திருந்தோம். பேத்தி கேட்ட கேள்விக்கு அதுவே எங்கள் விடை. தை பிறந்தபோது குழந்தை படுத்து உறங்கினாள். மருந்து இன்னும் தொடர்கிறது. பூனை இன்னும் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. எங்களுக்கு நேர்ந்தது எல்லார்க்கும் இவ்வாறே நேரும் என்று நான் சொல்லமாட்டேன். அவரவர் மருத்துவர் சொல்லே அவரவர்க்கு வழி.

இங்கே, என் மனத்தை நெடுநாள் வருத்திய நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று பெரும்பொருள் கொடுத்துச் சைபீரியப் பனிநாட்டு இனத்து நாய்க்குட்டி ஒன்றை வாங்கியது. நீலக் கண்கள், பஞ்சு மூட்டை போன்ற உடம்பு. தெருவே கூடி நின்று பார்த்தது. ஓராண்டு கழிந்தது. நாய் வளர்ந்தது, அதன் உரோமமும் வளர்ந்தது, உதிர்ந்தது. நாளெல்லாம் குளிர்சாதனம் ஓட வேண்டியிருந்தது. கூட்டிப் பெருக்க வந்த அம்மாள் வேலையை விட்டு நின்றுவிட்டார். சித்திரை வெயிலில் ஒருநாள் அந்த நாய் உப்பளச் சாலை ஓரத்தில், கழுத்துப்பட்டை கழற்றப்பட்டு, நாக்குத் தள்ளி நின்றது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் தாம் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதற்கு ஊற்றினார். உப்பளத்தில் குடிதண்ணீரின் அருமையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு விலங்கன்பர் சிலர் வந்து அதனை எடுத்துச் சென்றனர்.

வளர்த்த விலங்கைத் தெருவில் விடுவது அறமன்று என்பதை யாவரும் அறிவர். அது சட்டப்படி குற்றமும் ஆகும் என்பதைப் பலர் அறியார். விலங்குகளை வதைத்தல் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல் அச்சட்டத்தின்படி தண்டனைக்குரியது. அச்சட்டம் பிறக்க முதற்காரணமாக இருந்தவர் நம் தமிழ்நாட்டில் பரதக்கலையை வளர்த்த ருக்மணி தேவி அருண்டேல் அம்மையாரே. மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது அவர் அதற்காக வாதாடினார். அச்சட்டத்தின்கீழ் 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்திற்கும் அவரே முதல் தலைவரானார்.

நாய் வளர்க்க விரும்புவோர் பனிநாட்டை நாடிப் போக வேண்டியதில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னியும், சாத்தூருக்கு அருகிலுள்ள சிப்பிப்பாறை என்னும் ஊரின் பெயர் பெற்ற நாயும் இந்தக் கரிசல் வெயிலிலே பிறந்து வளர்ந்தவை. அவற்றின் உரோமம் குறுகியது, உடம்போடு ஒட்டியது, அடியில் பஞ்சுத் திரள் இல்லை. இராசபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலையே வெளியிட்டது. ஆனால் ஒன்று: இவை ஓடுவதற்கென்று பிறந்தவை. இடமும் ஓட்டமும் தர முடியாதவர்கள் இவற்றையும் அடைத்து வைத்தல் கொடுமை. தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டிக்கு வீடு கொடுத்தால் அதுவும் குறைவற வாழும். எந்த நாயாயினும் வெறிநோய்த் தடுப்பூசியை உரிய காலத்தில் தவறாமல் போட வேண்டும்.

உரோமத்தைக் குறைப்பதற்கு எளிய வழிகள் சில உண்டு. நாள்தோறும் பத்து நிமிடம் சீப்பினால் வாரிவிடுங்கள். விழப்போகும் உரோமம் தரையில் விழாமல் சீப்பிலே வந்துவிடும். பூனைக்கும் இது நல்லது. அது நக்கி விழுங்கிய உரோமம் வயிற்றில் உருண்டையாகித்தான் வாந்தியாகிறது. மெத்தையிலும் நாற்காலியிலும் ஒட்டியதை எடுக்க, ரப்பர்க் கையுறையைச் சிறிது நனைத்து ஒரே திசையில் இழுத்தால் திரண்டு வந்துவிடும். இரட்டை உரோமமுள்ள நாயை வெயிற்காலத்தில் மொட்டையடிப்பது நன்மையென்று பலர் நினைக்கிறார்கள். அந்த உரோமமே வெயிலைத் தடுக்கும் குடையாகவும் இருப்பதால், கால்நடை மருத்துவரைக் கேளாமல் அவ்வாறு செய்யலாகாது. ஓரிடத்தில் வட்டமாக உதிர்ந்தாலோ, தோல் சிவந்தாலோ, ஓயாமல் சொறிந்தாலோ அது இயல்பான உதிர்தல் அன்று, நோய்.

வாரி எடுத்த உரோமத்தை மரத்தடியில் போட்டால் அணிலும் குருவியும் கூடு கட்ட எடுத்துச் செல்லும். பார்க்க இனிய காட்சிதான். ஆனால் உண்ணிக்கு மருந்து தடவிய நாயின் உரோமத்தை அவ்வாறு வெளியே போடாதீர்கள். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் சிட்டுக் கூடுகள் 103 எடுத்து ஆராய்ந்து 2025-இல் முடிவை வெளியிட்டனர். செல்ல விலங்குகளின் உண்ணி மருந்தாகப் பயன்படும் ஃபிப்ரோனில் என்னும் நஞ்சு அக்கூடுகள் அனைத்திலும் இருந்தது. நஞ்சு மிகுந்த கூடுகளில் பொரியாத முட்டைகளும் இறந்த குஞ்சுகளும் மிகுதியாக இருந்தனவாம். நம் நாயின் நன்மைக்குத் தடவியது குருவியின் தொட்டிலுக்கு நஞ்சாகப் போய்ச் சேருகிறது.

கடைசியாக ஒன்று. இந்த உரோமத்தைப் பெருக்குவது யார்? நாயோடு கடற்கரையில் உலாவி வருகிறவர் குடும்பத் தலைவர். பூனையை மடியில் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பவர் தாத்தா. வாரியலைப் பிடிப்பவர்கள் பெரும்பாலான வீடுகளில் பெண்கள். விலங்கின் மேல் வீட்டுப் பெண்கள் சலித்துக்கொள்கிறார்கள் என்றால், அச்சலிப்பில் பாதி விலங்கைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியது. எங்கள் வீட்டில் வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம். காலையில் நாயை வாருவது என் பங்கு. தரையை ஈரத்துணியால் துடைப்பது மகனுடைய பங்கு. பூனைப் பெட்டியின் துணியை மாற்றுவது என் மனைவியின் பங்கு. பேத்தி அந்தப் பக்கம் போவதில்லை. மகன் தன் பங்கை எளிதாக்கிக்கொள்ளக் கருதித் தானே உருண்டு பெருக்கும் வட்ட எந்திரம் ஒன்றை வாங்கி வந்தான். அது புறப்பட்டதும் நாய் அதன் வழியிலேயே படுத்துக்கொள்கிறது. எந்திரம் முட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போகிறது. ஆகவே ஈரத்துணிக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

நேயர்களே, விலங்கு வளர்க்கக் கருதுவோர் முதலில் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். நம் ஊர் வெயிலை எண்ணுங்கள். வீட்டின் அளவை எண்ணுங்கள். குழந்தைகளின் உடல்நலத்தை எண்ணுங்கள். துடைப்பவர் யார் என்பதையும் எண்ணுங்கள். இவ்வளவும் எண்ணிய பின் வேண்டாம் என்று தோன்றினால், வளர்க்காமல் இருப்பதும் அவ்விலங்குக்குச் செய்யும் நன்மையே. வளர்ப்பதென்று துணிந்துவிட்டால், அதன் அன்போடு அதன் உரோமமும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உங்கள் வீட்டில் இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். வாசலில் கிடந்ததை நடுவீட்டுக்கு அழைத்தவர்கள் நாம். அழைத்து வந்த விருந்தை உப்பளச் சாலையில் இறக்கிவிடுதல் தமிழர் வழக்கம் அன்று.